தலைமையும் பிளவும்: குடியரசுக் கட்சியின் வரலாறு புகட்டும் பாடம்

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இவ்வெள்ளி விழாக் கருத்தரங்கில் "தலைமை" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். நான் அரசுப் பணியில் இருப்பவன், கட்சி மேடை ஏறியவனல்லன், ஏறவும் இயலாது. ஆயினும், வரலாறு பயின்று, வரலாறு பயிற்றுவிப்பவன் என்னும் முறையில், நம்மைப் போன்ற மக்களால், நம்மைப் போன்ற மக்களுக்காகத் தோற்றுவிக்கப்பட்ட ஒரு கட்சியின் கதையை உங்கள் முன் வைக்க விழைகின்றேன். அதுவே மராட்டிய மாநிலத்தில் வேரூன்றிய இந்தியக் குடியரசுக் கட்சியின் கதை. எந்தத் தலைவரையும் குறை கூறுவது என் நோக்கமன்று. ஒவ்வொருவரும் தத்தம் காலத்தில் தொண்டாற்றியவர்களே. அவ்வாறிருந்தும் கட்சி ஏன் பலவாயிற்று என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

கட்சி தோன்றிய சூழல்

அண்ணல் அம்பேத்கர் அவர்கள் தம் வாழ்நாளில் மூன்று அரசியல் அமைப்புக்களைச் சிந்தித்தார். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். அது சாதி கடந்து உழவரையும் ஆலைத் தொழிலாளரையும் ஒன்று சேர்க்க முயன்றது. 1942இல் நாகபுரியில் அகில இந்திய ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனம் தோன்றிற்று. அது தாழ்த்தப்பட்டோரின் தனிக் குரலாக நின்றது. மூன்றாவதாக, நாட்டின் எல்லா ஏழை மக்களுக்கும் இடமளிக்கும் எதிர்க்கட்சியாகக் குடியரசுக் கட்சியை அமைக்க 1956இல் திட்டமிட்டார். அத்திட்டம் செயலுருப் பெறுமுன், அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள் அவர் மறைந்தார்.

எனவே, அக்கட்சி தன்னைத் தோற்றுவிக்க நினைத்தவர் இல்லாமலே பிறந்தது. 1957 அக்டோபர் 3ஆம் நாள் நாகபுரியில் அது முறையாகத் தொடங்கப்பெற்றபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் ஒரு தமிழர் என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். சட்டக் கல்லூரிப் பேராசிரியராகவும், சென்னை மாநகரின் மேயராகவும் விளங்கிய என். சிவராஜ் அவர்களே அவர். சம்மேளனத்தின் தலைவராக இருந்த அவர், 1964இல் மறையும் வரை குடியரசுக் கட்சியின் தலைவராகவும் விளங்கினார்.

தொடக்கத்தில் நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. 1957ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில், இன்னும் பழைய பெயராலேயே போட்டியிட்ட சம்மேளனம், ஐக்கிய மராட்டிய இயக்கத்தோடு சேர்ந்து நின்ற வலிமையால், மக்களவையில் 6 இடங்களைப் பெற்றது. 1962இல் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 3 மக்களவை இடங்களும் 8 சட்டமன்ற இடங்களும் கிடைத்தன. ஆனால் அதே 1962இல், கட்சியின் தாய்மண்ணாகிய மராட்டியத்தில், 264 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் 3 இடங்களே கிடைத்தன. இடைப்பட்ட அந்த ஐந்தாண்டுகளில் நேர்ந்தது யாது?

முதற் பிளவு

நாசிக்கைச் சேர்ந்த தாதாசாகேப் பி.கே. கெய்க்வாட் 1930இல் காளாராம் கோயில் நுழைவுப் போராட்டத்தை அண்ணலுடன் நின்று நடத்தியவர். பெரிய பட்டங்கள் பெற்றவரல்லர். ஆனால் சிற்றூர் மக்களின் உள்ளத்தை அறிந்தவர். நிலமற்ற உழவுத் தொழிலாளிக்கு நிலம் வேண்டும் என்பதே அவர் கண்ட முதற் கடமை. இதற்காக இடதுசாரிகளோடு கைகோக்கவும் அவர் தயங்கவில்லை.

பி.சி. காம்ப்ளே முதலான, சட்டம் பயின்ற இளந்தலைவர்கள் வேறு கருத்துக் கொண்டனர். அண்ணல் பொதுவுடைமையாரின் வழியை ஏற்கவில்லை. அரசியல் சட்ட நெறியே நம் நெறி. அந்நெறியில் வல்ல கற்றவர்களே கட்சியை நடத்த வேண்டும் என்பது அவர்தம் வாதம். வேட்டி கட்டியவர் ஒருபுறமும், கால்சட்டை அணிந்தவர் மறுபுறமும் என்று மக்கள் அன்று இப்பிளவை வேடிக்கையாகப் பேசினர். 1959ஐ ஒட்டிக் கட்சி இரண்டாயிற்று.

இளைஞர்களே, இங்குச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். இவ்விரு கருத்துக்களில் எது தவறு? நிலம் கேட்டது தவறா? சட்ட நெறி நின்றது தவறா? இரண்டும் நம் மக்களுக்கு வேண்டியவையே. கெய்க்வாட் அணியினர் 1964 டிசம்பர் 6ஆம் நாள் தொடங்கிய நிலப் போராட்டத்தில், மகளிரும் முதியோரும் உட்பட இலட்சக்கணக்கில் சிறை புகுந்தனர் என்பர். அத்தகைய போராட்டத்தைச் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் தாங்கி நிற்கக் கற்ற வழக்கறிஞர்கள் உடனிருந்திருப்பின், அதன் பயன் எத்துணைப் பெருகியிருக்கும்! களத்தில் நின்றவர் ஒரு கட்சியிலும், சட்டம் அறிந்தவர் மற்றொரு கட்சியிலுமாகப் பிரிந்து நின்றனர்.

ஆளுங்கட்சியின் அரவணைப்பு

அடுத்த பிளவுகள் கொள்கையால் அல்ல, கூட்டணியால் நேர்ந்தவை. 1967இல் கெய்க்வாட் தலைமையிலான பிரிவு மராட்டியத்தில் காங்கிரசுக் கட்சியுடன் உடன்பாடு கண்டது. தனித்து நின்று தோற்பதைவிட ஆளுங்கட்சியோடு சேர்ந்து சில இடங்களையும் சில உரிமைகளையும் பெறலாம் என்பது அதன் கணக்கு. அதற்கு முந்திய ஆண்டே ஆர்.டி. பண்டாரே காங்கிரசிலேயே சேர்ந்துவிட்டார். உத்தரப் பிரதேசத்தில் 1962இல் அலிகரில் வென்று கட்சிக்குப் புகழ் தேடித் தந்த பி.பி. மௌரியாவும் பின்னர் அதே வழியில் சென்றார். 1970ஐ ஒட்டி பாரிஸ்டர் பி.டி. கோப்ரகடே அணி என்றும், ஆர்.எஸ். கவாய் அணி என்றும் மேலும் பிரிவுகள் தோன்றின. 1971 டிசம்பரில் கெய்க்வாட் மறைந்தபின், எல்லோரும் ஏற்கத்தக்க மூத்தவர் எவருமிலர் என்னும் நிலை வந்துற்றது.

பிளவுண்ட கட்சியின் மீது நம்பிக்கையிழந்த பம்பாய் இளைஞர்கள் 1972இல் தலித் சிறுத்தைகள் இயக்கத்தைத் தொடங்கினர். நாம்தேவ் தசால், ராஜா தாலே, ஜே.வி. பவார் முதலிய எழுத்தாளர்கள் அதனை முன்னின்று நடத்தினர். சிற்றூர்களில் நம் மக்கள்மீது நிகழ்ந்த கொடுமைகளைப் பட்டியலிட்ட இளையபெருமாள் குழுவின் அறிக்கை அவ்விளைஞர்களை உலுக்கிய காரணங்களுள் ஒன்றாகும். அக்குழுவின் தலைவர் எல். இளையபெருமாள் நம் தென்னார்க்காட்டு மண்ணின் மைந்தர் என்பது நமக்குப் பெருமை. ஆனால் அச்சிறுத்தைகள் இயக்கமும் இரண்டாண்டுகளில், 1974இல், பிளவுற்றது. தலைவர்களின் பிளவைக் கண்டு வெகுண்டெழுந்த இளைஞர்களே பிளவுண்டனர் என்பதை நாம் வருத்தத்துடன் குறித்துக்கொள்ள வேண்டியுள்ளது.

"நம்மவர்க்கு ஒற்றுமை இல்லை" என்னும் பழிச்சொல்

இக்கதையைக் கேட்பவர்களில் சிலர், "நம்மவர்க்கு ஒற்றுமை என்பதே இல்லை; அது நம் பிறவிக் குணம்" என்று சொல்லக் கேட்டிருக்கின்றேன். பிறர் சொன்னால் அது பழி. நாமே சொன்னால் அது அறியாமை. 1949இல் திராவிடர் கழகம் பிரிந்தது. 1964இல் பொதுவுடைமைக் கட்சி பிரிந்தது. 1969இல் காங்கிரசு பிரிந்தது. 1972இல் திராவிட முன்னேற்றக் கழகம் பிரிந்தது. அவற்றை எவரும் ஒரு சாதியின் பிறவிக் குணம் என்று கூறவில்லையே! பிளவு எல்லாக் கட்சிகளுக்கும் பொது. அதன் விலைதான் வேறு. பெரிய கட்சி பிரிந்தால் இரண்டு பெரிய கட்சிகள் ஆகலாம். சிறுபான்மை மக்களின் கட்சி பிரிந்தால், வெற்றிக்கு வேண்டிய வாக்கு எந்தப் பிரிவிடமும் இருப்பதில்லை. ஒவ்வொரு பிரிவும் வேறொரு பெரிய கட்சியின் வாயிலில் நிற்க நேரிடுகின்றது.

இதற்கு அமைப்பு முறையிலேயே காரணங்கள் உள. அவற்றை நாம் தெளிவாக அறிதல் வேண்டும்.

முதலாவது, தேர்தல் முறை. 1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தத்தால் தனித் தொகுதி முறை கைவிடப்பட்டு, கூட்டுத் தொகுதியில் ஒதுக்கீட்டு இடங்கள் வழங்கப்பட்டன. அவ்விடங்களில் நிற்பவர் நம்மவர். வெற்றியை முடிவு செய்வோர் பெரும்பாலும் பிறர். 1952இல் அண்ணல் அம்பேத்கரே பம்பாயில் காங்கிரசு நிறுத்திய தாழ்த்தப்பட்ட வகுப்பு வேட்பாளரிடம் தோல்வியுற்றார் என்றால், பிறரைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? பெரிய கட்சி நம்மவருள் ஒருவரைத் தேடிக்கொள்வது எளிது. தேடப்பட்டவர் மறுப்பது அரிது.

இரண்டாவது, சமய மாற்றத்தின் விளைவு. 1956 அக்டோபர் 14ஆம் நாள் அண்ணலுடன் பௌத்தம் தழுவியவர்கள், சட்டப்படி ஷெட்யூல்டு வகுப்பினர் என்னும் தகுதியை இழந்தனர். 1990இல் சட்டம் திருத்தப்படும் வரை அந்நிலை நீடித்தது. கட்சியின் முதுகெலும்பாக இருந்தவர்களே, சட்டத்தின் எழுத்துப்படி, ஒதுக்கீட்டுத் தொகுதியில் நிற்க இயலாதவர்களாயினர். பொதுத் தொகுதியில் நிற்க வேண்டுமாயின் பெரிய கட்சியின் துணை இன்றியமையாததாயிற்று.

மூன்றாவது, அடித்தளத்தின் குறுக்கம். எல்லா ஏழைகளுக்குமான கட்சி என்று அண்ணல் கருதியது, மராட்டியத்தில் பெரும்பாலும் மகர் வகுப்பாரின் கட்சியாகவே நின்றுவிட்டது. மாங், சாம்பார் முதலிய வகுப்பினர் பெரும்பாலும் வெளியே நின்றனர். உள்ளூரில் விரிவடையாத கட்சியில், இருக்கும் சில பதவிகளுக்கே போட்டி மிகும். நம் மாநிலத்திலும் உடன்பிறந்தாராக வாழ வேண்டிய வகுப்பினரிடையே உள்ள இடைவெளியை எண்ணிப் பாருங்கள். இது நமக்கும் பொருந்தும்.

நான்காவது, ஒப்படைப்பு முறை இன்மை. இதனை நான் என் தொழிலிலிருந்து விளக்க விரும்புகின்றேன். ஒரு தலைமையாசிரியர் மாற்றலாகிச் செல்லும்போது, சேர்க்கைப் பதிவேடு, ரொக்கப் புத்தகம், தளவாடப் பதிவேடு, சாவிக்கொத்து ஆகிய ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு, அடுத்து வருபவரிடம் கையெழுத்துப் பெற்று ஒப்படைத்த பின்னரே பள்ளியை விட்டு நீங்குவார். வருபவர் அவருக்குப் பிடித்தவராயினும் பிடிக்காதவராயினும் இதுவே விதி. அதனால்தான் தலைமையாசிரியர் மாறினாலும் பள்ளி மாறுவதில்லை. குடியரசுக் கட்சியில் அண்ணலின் இடத்தைக் குழுத் தலைமை ஏற்றது. ஆனால் அக்குழுவில் கருத்து வேறுபாடு எழுந்தால் முடிவு எடுப்பது எவ்வாறு, சிறுபான்மையினர் உள்ளிருந்தே மாற்றுக் கருத்தைப் பதிவு செய்வது எவ்வாறு, கட்சியின் உறுப்பினர் ஏடும் நிதியும் யாரிடம் என்பவை உறுதிப்படவில்லை. தோற்ற தரப்பு வெளியேறித் தன்னையே உண்மையான கட்சி என்று அறிவித்துக்கொண்டது. பிரிவுகளின் பெயருக்குப்பின் அடைப்புக் குறிக்குள் தலைவர்தம் பெயரை எழுதும் வழக்கம் இவ்வாறு வந்தது.

ஒற்றுமையால் விளைந்தது

ஒற்றுமை இயலாதது என்பாருக்கு 1998ஆம் ஆண்டு விடை கூறும். அவ்வாண்டு மக்களவைத் தேர்தலில், மக்களின் இடையறாத வற்புறுத்தலால் பிரிவுகள் ஒன்றுகூடிக் காங்கிரசுடன் உடன்பாடு கண்டன. அகோலாவில் பிரகாஷ் அம்பேத்கர், அமராவதியில் ஆர்.எஸ். கவாய், சிமூரில் ஜோகேந்திர கவாடே, மும்பை வடமத்தியில் ராம்தாஸ் அத்தவாலே ஆகிய நால்வரும் வெற்றி பெற்றனர். நான்கும் ஒதுக்கீட்டுத் தொகுதிகள் அல்ல, பொதுத் தொகுதிகள்! நாற்பதாண்டுக் கால வரலாற்றில் அது பொன்னான நாளாகும்.

ஆனால் அவ்வொற்றுமை அடுத்த தேர்தல் வரைகூட நிலைக்கவில்லை. 1999இல் மீண்டும் பிரிந்து நின்றபோது, அந்நால்வருள் இருவரே மக்களவைக்குத் திரும்பினர். அதன்பின் ஒருவர் 2011இல் சிவசேனை, பாரதிய ஜனதாக் கட்சி ஆகியவற்றின் அணிக்குச் சென்று, 2016இல் மத்திய இணையமைச்சரானார். மற்றொருவர் தனி இயக்கம் கண்டார். யாருடைய முடிவு சரி என்று நான் கூற வரவில்லை. தேர்தலுக்காக மட்டும் கட்டப்பட்ட ஒற்றுமை தேர்தலோடு முடியும் என்பதையே கூறுகின்றேன்.

எதிர்ப்புறத்துப் பாடம்

இப்பிளவுகளை அருகிருந்து கண்ட ஒருவர் கான்சி ராம். புனேயில் அரசுப் பணியில் இருந்த அவர், குடியரசுக் கட்சியினரோடு சில காலம் பழகி, மனம் நொந்து விலகினார். முதலில் 1978இல் அரசு ஊழியர் அமைப்பைக் கட்டினார். ஆறாண்டுகள் கழித்து, 1984 ஏப்ரல் 14ஆம் நாள் பகுஜன் சமாஜ் கட்சியைத் தொடங்கினார். பல தலைவர்கள் என்னும் நோய்க்கு ஒரே தலைமை என்னும் மருந்தை அவர் தேர்ந்தார். அது பயனளித்தது. மாயாவதி அவர்கள் 1995இல் உத்தரப் பிரதேச முதலமைச்சரானார். 2007இல் 403 இடங்களில் 206 பெற்றுத் தனித்தே ஆட்சி அமைத்தார். அதே கட்சி 2022இல் அம்மாநிலத்தில் ஒரே ஓர் இடத்தைப் பெற்றது. 2024 மக்களவைத் தேர்தலில் ஓரிடமும் பெறவில்லை. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, இரண்டாம் வரிசைத் தலைவர்கள் வளராமையும் வளர்ந்தோர் வெளியேறியமையுமாகும்.

ஆகவே, தலைவர்கள் பலராகி மையம் இல்லாமற்போவது ஒரு கேடு. மையம் ஒருவரே ஆகி வரிசை இல்லாமற்போவது மற்றொரு கேடு. அண்ணல் அம்பேத்கர் 1949 நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய நிறைவுரையில், சமயத்தில் பக்தி உயிர்க்கு உய்வு தரலாம், அரசியலில் பக்தி வீழ்ச்சிக்கே வழி என்னும் கருத்துப்பட எச்சரித்தார். அவரையே பக்தியால் வணங்கி, அவ்வெச்சரிக்கையை மறந்தோமாயின், அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

நம் கழகத்திற்கு

இறுதியாக, இவ்வரலாறு நம் கழகத்திற்கு என்ன கூறுகின்றது? சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் எழுந்த கருத்து வேறுபாட்டை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். மாணவர் விடுதியை விரிவாக்குதலே முதற் கடமை என்று பெரியோர்கள் கருதுகின்றனர். போட்டித் தேர்வுப் பயிற்சி மையமே இன்றைய தேவை என்று இளைஞர்கள் கருதுகின்றனர். இரண்டும் நம் பிள்ளைகளுக்கு வேண்டியவையே. ஆனால் இவ்விழாவுக்கு ஒரே ஊரில் இரண்டு இரசீதுப் புத்தகங்களில் நன்கொடை திரட்டப்பட்டது என்று கேள்வியுற்றபோது, எனக்கு 1959ஆம் ஆண்டுதான் நினைவிற்கு வந்தது.

கல்விக் கழகங்களும் இந்நோய்க்கு விலக்கல்ல. அண்ணல் 1945இல் நிறுவிய மக்கள் கல்விக் கழகம், பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும் ஔரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரியையும் கண்டது. எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளுக்கு முதற் பட்டத்தை அது அளித்தது. அத்தகைய கழகத்தின் நிருவாக உரிமைகூடப் பின்னாளில் தலைவர்களிடையே வழக்காயிற்று. வழக்கு நடக்கும் காலத்தில் விடுதிக் கூரை ஒழுகினால் நனைபவர் தலைவர் அல்லர், மாணவர்.

எனவே, நான்கு வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கின்றேன். ஒன்று, விதிப்படி குறித்த காலத்தில் ஆட்சிக்குழுத் தேர்தல் நடைபெற வேண்டும். ஒருவரே இரு முறைக்கு மேல் ஒரே பொறுப்பில் தொடராதிருத்தல் நன்று. இரண்டு, வரவு செலவுக் கணக்கு ஆண்டுதோறும் பொதுக்குழுவில் படிக்கப்பட்டு, சுவரில் ஒட்டப்பட வேண்டும். இரசீதுப் புத்தகம் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். மூன்று, மாற்றுக் கருத்து உடையவர் பெயரோடு அவர் கருத்தும் நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதப்பட வேண்டும். தம் சொல் பதிவானது என்று அறிந்தவர் வெளியேறும் தேவை குறையும். நான்கு, ஒவ்வொரு பொறுப்பாளருடனும் ஓர் இளைஞர், சிறப்பாக மகளிர் ஒருவர், துணைப் பொறுப்பில் பழக வேண்டும். அவரே அடுத்து ஒப்படைப்புப் பெறத் தக்கவர்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். கருத்து வேறுபடுதல் குற்றமன்று. தமிழ்நாட்டில் எம்.சி. இராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் 1932இல் தொகுதி முறை பற்றி எதிரெதிர்க் கருத்துக் கொண்டிருந்தனர். இருவரையும் நாம் இன்று நன்றியோடு நினைக்கின்றோம். பெரியோர் கருத்தை மறுக்க வேண்டுமெனின் மறுங்கள். பொதுக்குழுவில் எழுந்து நின்று, மரியாதையோடு, காரணம் காட்டி மறுங்கள். மறுத்தபின், பெரும்பான்மை முடிவு எதுவாயினும், மறுநாள் காலையில் அதே வேலைக்கு வந்து நில்லுங்கள்.

பெரியோர்களுக்கும் ஒரு சொல் உண்டு. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இக்கழகத்தைத் தொடங்கியபோது நீங்களும் இளைஞர்களாகவே இருந்தீர்கள். உங்கள் கையில் அன்று இருந்தது நம்பிக்கையும் ஒரு குறிப்பேடும் மட்டுமே. அக்குறிப்பேட்டை இவர்களிடம் பட்டியலிட்டு ஒப்படையுங்கள். ஒப்படைத்தபின் அருகிருந்து வழிகாட்டுங்கள்.

அடுத்த பொதுக்குழு வரும் மாதம் கூடவிருக்கின்றது. விடுதியா, பயிற்சி மையமா என்னும் வினாவிற்கு அன்று முடிவு காண்போம். எந்த முடிவாயினும், இரண்டாவது இரசீதுப் புத்தகம் அன்றே கழக அலுவலகத்தில் ஒப்படைக்கப்படும் என்னும் உறுதியை இம்மேடையில் உள்ள இரு தரப்பாரிடமும் வேண்டிக் கேட்டு, என் உரையை நிறைவு செய்கின்றேன்.